பிரகடனங்களும் தண்ணீர்த் திகதியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்; அஸ்ஸலாமு அலைக்கும்.

பெப்ரவரி முதல் வாரம் உலகச் சமய நல்லிணக்க வாரம். ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்வைத்த யோசனையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஒக்டோபரில் ஏற்றுக்கொண்டது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் அதே வாரத்தில் சுதந்திர தினமும் வருகிறது, வேளாண்மை வெட்டும் வருகிறது. வெட்டு இயந்திரம் பிடிக்க ஓடித் திரிகிறவருக்கு ஐ.நா. தீர்மானம் எங்கே ஞாபகம் வரப்போகிறது? ஆனாலும் மாவட்டத்தில் எங்காவது ஒரு மண்டபத்தில் கூட்டம் நடக்கும். குருக்கள், மௌலவி, பாதிரியார், தேரர் நால்வரும் ஒரே வரிசையில் அமர்வார்கள். எல்லாச் சமயமும் அன்பையே போதிக்கிறது என்று நால்வரும் சொல்வார்கள். படம் எடுப்பார்கள். பற்றீஸும் தேநீரும் வரும். நானும் அத்தகைய மேடைகளில் பேசியவன்தான். பற்றீஸைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த முயற்சிகளின் வேர் 1893இல் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டெம்பரில் சிகாகோவில் உலகச் சமயங்களின் மகாசபை கூடியது. விவேகானந்தர் அங்கே பேசியதை அறியாதவர் இல்லை. அதே சபையில் இலங்கையிலிருந்து சென்ற அநகாரிக தர்மபாலவும் பேசினார். பௌத்தத்தின் கருணையை மேற்குலகுக்கு எடுத்துச் சொன்ன அவர், பிற்காலத்தில் இந்த நாட்டு முஸ்லிம் வணிகர்களைப் பற்றி எழுதியவற்றில் கருணையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உலக மேடை ஏறி இறங்கினால் மனம் விரிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. மறுபுறம், அந்தச் சபை நடந்தபோது காரைதீவில் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தவர், பின்னாளில் விவேகானந்தர் தொடக்கிய இராமகிருஷ்ண மிஷனில் துறவு பூண்டு, விபுலாநந்த அடிகளாகத் திரும்பிவந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். சிகாகோவில் விதைத்ததில் ஒரு பங்கு எங்கள் மணலிலும் முளைத்தது.

நூறாண்டு கழித்து, 1993இல், அதே நகரில் மகாசபை மீண்டும் கூடியபோது உலகப் பொது அறநெறிக்கான பிரகடனம் வெளியானது. அதை வரைந்தவர் ஹான்ஸ் குங். சுவிட்சர்லாந்தில் பிறந்த கத்தோலிக்க இறையியலாளர். பாப்பரசர் தவறிழைக்க முடியாதவர் என்ற கோட்பாட்டைக் கேள்வி கேட்டு, 1979இல் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் அனுமதியை இழந்தவர். அவர் வரைந்த பிரகடனத்தில் கடவுளின் பெயர் இல்லை. கடவுளைச் சேர்த்தால் பௌத்தர்கள் கையொப்பமிட முடியாது. ஆகவே இறையியலாளர் இறைவனை ஒதுக்கிவைத்துவிட்டு நடத்தையை மட்டும் எழுதினார்: உயிரைக் கொல்லாமை, நியாயமான பொருளாதாரம், சகிப்புத்தன்மையும் வாய்மையும், ஆணும் பெண்ணும் சமம். பூமியைப் பேணுதல் என்ற ஐந்தாவது கடப்பாடு 2018இல் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் ஹேக் நகரின் சமாதான மாளிகையில் வெளியிடப்பட்ட பூமி சாசனமும் ஏறக்குறைய இதே திசையில் போகிறது. எவருடைய கடவுள் மெய்க் கடவுள் என்று பேச உட்கார்ந்திருந்தால் அவர்கள் இன்றும் எழுந்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கடவுளை வாசலில் விட்டுவிட்டு நடத்தையை மட்டும் பேசுகிற சபை ஒன்று எங்களிடமும் இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தைச் சொல்கிறேன். உன்னிச்சைக் குளமோ நவகிரிக் குளமோ உறுகாமக் குளமோ, எந்தக் குளத்துக் கூட்டமானாலும் ஒருமுறை பின்வரிசையில் போய் இருந்து பாருங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். அதைக் கேட்டதும் சபையில் சலசலப்பு எழும். முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பை முடிக்கும் திகதி, எத்தனை மாத நெல் விதைப்பது, பட்டி மாடுகளை எந்தத் திகதிக்குள் மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றாக வரும். மாட்டுக்காரர் ஒரு கிழமை கூடுதலாகக் கேட்பார். வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருக்கும் பெரிய நிலக்காரரான போடியார் வாய் திறக்கமாட்டார். கடைக்கோடியில் இருப்பவர்தான் எழுந்து நின்று சத்தம் போடுவார். ஒரு வட்டையில், அதாவது ஒரு வயல்வெளியில், மேல் வயல் தமிழருடையது, கீழ் வயல் முஸ்லிமுடையது. அடுத்த வட்டையில் அது தலைகீழ். சமயத்தைச் சொல்லித் தண்ணீர் கேட்டவரை அங்கே நான் கண்டதில்லை. எடுத்த தீர்மானத்தை மீறினால், வயல்வெளியின் தண்ணீரைக் கவனிக்கும் வட்டை விதானை வீட்டு வாசலில் வந்து நிற்பார். முற்றினால் வழக்கும் உண்டு. சிகாகோப் பிரகடனத்துக்கு வட்டை விதானை இல்லை.

“அப்படியானால் எங்கள் வழமையே போதுமே, வெளிநாட்டுப் பிரகடனம் எதற்கு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பாருக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம். தமிழருக்கும் தாய்வழிக் குடி, முஸ்லிமுக்கும் தாய்வழிக் குடி. கோயிலை நிர்வகிக்க வண்ணக்கர், பள்ளிவாசலை நிர்வகிக்க மரைக்காயர். இரு பக்கத்திலும் வீடு மகளுக்குத்தான். எல்லாம் மெய். ஆனால் இவை அத்தனையும் 1990இலும் இருந்தன. அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் குழந்தைகளும் குமர்களுமாகக் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் இடையில், அமெரிக்காவில் பிறந்து எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபேர்ட் அடிகளார், தமிழ் இளைஞர் ஒருவரோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவேயில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வழமை முகம் தெரிந்தவரைக் காக்கும். பக்கத்து வயல்காரருக்கு இன்று தண்ணீர் விடாவிட்டால் நாளை அவர் முகத்தில் விழிக்க வேண்டும். முகம் தெரியாதவரை என்ன செய்வது என்று வழமை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தட்டிக் கேட்க விதானை இல்லாத குறை இருந்தும் அந்தப் பிரகடனங்களை நான் தூக்கி எறியாததன் காரணம் இதுதான். காணாத ஊரின் காணாத மனிதருக்கும் எனக்கொரு கடமை உண்டு என்று அவையாவது எழுதிவைத்திருக்கின்றன.

எங்கள் மாவட்டத்தில் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும் முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கும் போகிறது. பெரும்பாலான பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ஒரே வாங்கில் அமர்ந்ததே இல்லை. நல்லிணக்க வாரத்துக்கு மண்டபம் பிடிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மண்டபக் காசை இந்த முறை பஸ்ஸுக்குக் கொடுங்கள். வாய்க்காலின் இரு கரையிலுமுள்ள இரண்டு பாடசாலைகளிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு அழைத்துப் போய்ப் பின்வரிசையில் கலந்து இருத்துங்கள். பெரியவர்கள் தண்ணீருக்குச் சண்டை பிடிப்பதையும் பிறகு திகதிக்கு உடன்படுவதையும் அவர்கள் பார்க்கட்டும். திரும்பும் வழியில் அந்த ஐந்து கடப்பாடுகளையும் கையில் கொடுத்து, தட்டிக் கேட்க விதானை இல்லாத இடத்தில் இவற்றை எப்படி நடத்துவீர்கள் என்று கேளுங்கள். பற்றீஸை பஸ்ஸிலேயே கொடுத்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.