சீஸும் மனச்சோர்வு மருந்தும்

நேயர்களுக்கு வணக்கம். மனச்சோர்வுக்கு மருந்து என்றதுமே தூக்க மாத்திரை என்று நினைப்பவர்கள் நிறைய. நான் சொல்ல வந்த மருந்து தூங்க வைக்கவில்லை, எழுப்பி உட்கார வைத்தது. இப்ரோனியாசிட். உண்மையில் அது காசநோய்க்கு வந்த மருந்து. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குப் பசியெடுத்தது, பேச்சு வந்தது. சிலர் வார்டிலேயே ஆடினார்கள்!

அதே ஆண்டில் எர்ன்ஸ்ட் ஸெல்லர் என்ற உயிர்வேதியியலாளர் காரணத்தைப் பிடித்தார். மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அந்த மருந்து தடுக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும், அதன் வேலையை மட்டும் நினைவில் வையுங்கள். மூளையில் சேதி கடத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைப்பது அதுதான். அதைத் தடுத்தால் அவை கூடுதலாகத் தங்கும். 1957இல் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துக் குணம் கண்டார். கல்லீரலைப் பாதித்ததால் 1961இல் அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அதே வகையில் வேறு மருந்துகள் வந்துவிட்டன.

அந்த மருந்துகளைச் சாப்பிட்ட சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி. ரத்த அழுத்தம் எகிறும். சிலர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தும் போனார்கள். ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை. இங்கிலாந்தில் ஒரு மருந்தாளுநர், சீஸ் சாப்பிட்ட பிறகு தம் மனைவிக்கு இப்படி வருகிறதே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். முதலில் நம்ப ஆளில்லை. சீஸாவது, ரத்த அழுத்தமாவது! பிளாக்வெல் நோயாளிகளை விசாரிக்க விசாரிக்க, அந்தக் கணவர் சொன்னதே சரியென்று தெரிந்தது. நாள்பட்ட சீஸில் டைரமைன் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையாமல் ரத்தத்தில் கலந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். குடலிலும் கல்லீரலிலும் அதைச் சிதைப்பதும் இதே நொதிதான். மறுபடி சொல்கிறேன், இதே நொதி. மூளைக்காக அதைத் தடுத்தோம், வயிற்றிலும் தடுபட்டுப்போனது. வீட்டில் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதிய கடிதம் எத்தனை உயிரைக் காத்திருக்கும்! நோயாளியின் வீட்டார் பேசினால் மருத்துவர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நொதியை நிரந்தரமாகக் கட்டிப்போடாமல், பிடித்து விட்டுவிடும் மோக்ளோபமைடு பின்னால் வந்தது. இதே நொதியைத் தடுக்கும் செலிஜிலின் என்ற மருந்தைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுக்க 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய வகை மருந்தை நிறுத்தினாலும் நொதி மீண்டும் ஊற ஏறக்குறைய இரண்டு வாரமாகும். அதுவரை உணவுக் கட்டுப்பாட்டை விடக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் வேறு மனச்சோர்வு மாத்திரையைத் தொடவும் கூடாது. வணக்கம்.