500 டாலர் என்று எழுதிய அந்த ஒரு வரி

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ஒரு வினாடி வினா பார்த்தேன், இன்னும் கோபம் அடங்கவில்லை. அமெரிக்கன் ஃபுட்பாலில் முதலில் காசு வாங்கி ஆடியவர் யார் என்று கேட்டார்கள். ஜான் பிராலியர் என்றதும் சரி என்று மார்க்கும் போட்டுவிட்டார்கள்! பிராலியர் 1895இல் லட்ரோப் அணிக்கு 10 டாலரும் கைச்செலவும் வாங்கி ஆடியவர். பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் அதற்கு மூன்று வருடம் முன்பே வாங்கிவிட்டார்.

பழைய கணக்கு நோட்டைப் பார்த்தால் நான் என்ன ஆவேன் என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் ஒஹாயோவில் கேன்டன் என்ற ஊரில் உள்ள ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. 1892 நவம்பர் 12 மேட்சுக்கு, ஹெஃபல்ஃபிங்கர் ஆடிய அலிகெனி அத்லெடிக் அசோசியேஷன் என்ற கிளப் எழுதியது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். டிக்கெட் வசூல் 1,683 டாலர் 50 சென்ட். எதிரணிக்கு 428. மைதான வாடகை 50. இவரையும் சேர்த்து மூன்று ஆட்டக்காரர்களின் செலவுக்கு 75, அவர்களுடைய ஓட்டல் பில் 9. அப்புறம் அந்த வரி: ஹெஃபல்ஃபிங்கர் ஆடியதற்கு, ரொக்கம், 500 டாலர். இவ்வளவும் கொடுத்த பிறகும் கையில் 621 டாலர் 50 சென்ட் நின்றது!

500 சின்னத் தொகை இல்லை. ஜிம் தோர்ப் என்ற பிரபல ஆட்டக்காரரைப் பற்றிய வீடியோவில் சொன்னேனே, 1915இல் கேன்டன் அணி அவருக்கு ஒரு மேட்சுக்கு 250 கொடுத்ததையே ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. ஹெஃபல்ஃபிங்கர் 23 வருடம் முன்பே அதைப்போல் இரண்டு மடங்கு வாங்கியிருக்கிறார்.

அட, ஹெஃபல்ஃபிங்கர் யார் என்றே சொல்லவில்லை. மினியாபொலிஸ்காரர். யேல் பல்கலைக்கழக அணியில் கார்டு, அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். 1889 முதல் 1891 வரை மூன்று வருடமும் ஆல் அமெரிக்கா, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருந்தவர். அந்த மேட்ச் அன்று இவரைக் களத்தில் பார்த்ததுமே எதிரணியான பிட்ஸ்பர்க் ஆட மாட்டேன் என்று தகராறு செய்தது. பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து, ஆட்ட நேரத்தையே குறைத்தார்கள். கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய இவருடைய டச்டவுன்தான் (பந்தை எதிரணியின் எல்லைக்கோடு வரை கொண்டுபோவது) அன்றைய ஒரே ஸ்கோர், அலிகெனிக்கு 4-0 வெற்றி. ஆமாம், அப்போது டச்டவுனுக்கு 4 புள்ளிதான்.

காசு வாங்கி ஆடுவது அமெச்சூர் விதிக்கு விரோதம், அதனால் எல்லாம் ரகசியம். 1954இல் அவர் இறந்த பிறகு, 1960களில்தான் இந்தத் தாள் வெளியே தெரிந்தது. அதுவரை முதல் ஆள் என்ற பெயர் பிராலியருக்குத்தான்.

தாளின் படத்தை வினாடி வினாக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.