641-க்கு எட்டு இலக்க கால்குலேட்டரே போதும்!

வணக்கம் மக்களே. போன ஃபெர்மா எண் வீடியோவுக்குக் கீழ (2-ஓட அடுக்கை 1, 2, 4, 8, 16, 32-னு இரட்டிச்சு, ஒண்ணு கூட்டுனா வர்றதுதான் ஃபெர்மா எண்), "4294967297 பகா எண்தான், என் புரோகிராமே சொல்லுது"ன்னு வரிசையா கமென்ட். இதை அப்படியே விட முடியாது.

பகா எண் இல்லவே இல்ல. 641 × 6700417. கணித மேதை ஆய்லர் 1732-லயே உடைச்சுட்டார்.

புரோகிராம் எங்க ஏமாறுது? அடிமானம் 2 வச்சு ஃபெர்மா சோதனை போட்டிருக்கீங்க. அதாவது, சோதிக்கிற எண்ணுல ஒண்ணு குறைச்சு, அதை 2-க்கு அடுக்கா போட்டு, அந்த எண்ணால வகுக்கிறது; மீதி 1 வந்தா பாஸ். நம்ம எண் 2³² + 1. அதால வகுத்தா 2³²-க்கு மீதி −1, அப்போ 2⁶⁴-க்கு மீதி 1. சோதனையில வர்ற அடுக்கு 2³², அது 64-ஓட மடங்கு. அதனால 2 எப்பவுமே பாஸ் போட்டுடும். எந்த ஃபெர்மா எண்ணுக்கும் இதே கதிதான். 3 வைங்க, உடனே மாட்டிக்கும். சில பேருக்கு 2³² + 1-ங்கிற எண்ணே 1-னு வந்திருக்கு. அது எண்ணை வைக்கிற 32 பிட் பெட்டி நிரம்பி வழிஞ்சது. அந்தப் பெட்டியில 4294967295-க்கு மேல இடமே கிடையாது.

புரோகிராமை மூடி வைங்க. கடையில கணக்குப் போடுற எட்டு இலக்க கால்குலேட்டரை எடுங்க. பத்து இலக்க எண் இதுல ஏறாதேன்னு கேட்பீங்க. ஏத்தவே வேணாம்! 2¹⁶ = 65536. 641-ஆல வகுங்க, ஈவு 102, மீதி 154. 2¹⁶-ஓட வர்க்கம்தான் 2³², அதனால அந்த 154-ஐ வர்க்கப்படுத்துங்க, 23716. திரும்ப 641-ஆல வகுங்க, ஈவு 36, மீதி 640. ஒண்ணு கூட்டுனா 641. முடிஞ்சது! எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும். ஒண்ணே ஒண்ணு, திரையில 102.24-னு தசமம்தான் வரும். அதை மீதின்னு எடுத்துக்காதீங்க. 102 × 641 = 65382, அதை 65536-லருந்து கழிங்க.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். 641-ஐயே ஏன் பிடிச்சோம்? இந்த எண்ணோட பகாக் காரணி எதுவா இருந்தாலும் 64-ஓட மடங்கு கூட்டல் 1-ன்னு ஆய்லர் காட்டினார். 64 இல்ல, 128-னு 1878-ல இன்னொரு கணிதர் லூகாஸ் இறுக்கினார். அப்போ வரிசை 129, 257, 385, 513, 641. இதுல பகா எண் 257-உம் 641-உம் மட்டும்தான். 257-க்கு மீதி 2. ரெண்டாவது அடியிலயே விழுந்துருச்சு!

6700417 பகா எண்தானான்னும் கேட்டிருந்தீங்க. அதோட காரணி நம்ம எண்ணுக்கும் காரணிதான், அதனால 128-ஓட மடங்கு கூட்டல் 1-ங்கிற வடிவம் இங்கயும் பொருந்தும். அதோட வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள்ள இந்த வடிவத்துல இருக்கிற பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. அஞ்சு வகுத்தல்தான், எதுலயும் மீதி பூஜ்யம் வராது. பகா எண்தான்.

அடுத்தது 2⁶⁴ + 1. அதோட சின்னக் காரணியே 274177. அதுக்கு வர்க்கப்படுத்தும்போது பதினோரு இலக்கம் வரை போகும், பன்னிரண்டு இலக்க கால்குலேட்டரா எடுத்து வைங்க.