நாய் ஏன் பள்ளம் பறிக்கிறது? பள்ளத்தைப் பார்த்தாலே தெரியும் | காட்பாடி வ்லாக்

வணக்கம் மக்களே. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "அக்கா, எங்க வீட்டு நாய் தோட்டம் முழுக்கப் பள்ளம் பறிக்குது, எப்படி நிறுத்துறது?" நிறுத்துவதைப் பிறகு பேசலாம். எங்கே தோண்டியிருக்கிறது, எந்த நேரத்தில் தோண்டுகிறது என்று முதலில் பாருங்கள். காரணம் அந்தப் பள்ளத்திலேயே இருக்கும்.

வாங்க, காட்டுகிறேன். இது எங்கள் வீட்டுப் பின்பக்கம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தெரிகிறதே, அது எங்கள் செவலை பறித்த பள்ளம். செவலை நாட்டு நாய், பொட்டை. கிட்டே வந்து பாருங்கள். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அவள் சுருண்டு படுத்தால் சரியாக இருக்கும், அவ்வளவுதான். வயிறு பட்டுப் பட்டு அடிமண் வழவழவென்று ஆகிவிட்டது. இப்போது மேல்மண்ணில் கை வைக்கிறேன். வைக்கவே முடியவில்லை, சுடுகிறது. உள்ளே வைத்தால் ஜில்லென்று ஈரம் ஒட்டுகிறது.

நம் வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது ஒன்றும் புதிதில்லை. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை, பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விட வேண்டும். அதனால்தான் அது அடிமண்ணைத் தேடிப் போகிறது. இதற்காக அடிப்பது பெரிய பாவம். மத்தியானப் பள்ளம், நிழலில் பள்ளம், ஈரத்தில் பள்ளம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், அது வெயிலுக்குத்தான். நிழலும் தண்ணீரும் கொடுத்துவிட்டு அந்த இடத்தை அதற்கே விட்டுவிடுங்கள்.

இந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர் ஓரம். இது வேறு மாதிரி. குறுகலாக, நேராக உள்ளே போகிறது, மண் பின்னால் சிதறிக் கிடக்கிறது. இது இரவு வேலை. சாக்கடையிலிருந்து பெருச்சாளி வந்து வளை வைத்திருக்கிறது. இதை அடைக்காமல் நாயை மட்டும் விரட்டினால் ஒரு பயனும் இல்லை. ஆனால் பெருச்சாளிக்கு விஷம் வைத்துவிடாதீர்கள். மருந்து தின்று செத்ததை நாய் தோண்டி எடுத்துத் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. நாங்கள் கம்பி வலையும் சிமெண்டும் போட்டு வளையை அடைக்கப் போகிறோம். எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும். அதனால் வருடத் தடுப்பூசி போடும்போது அதற்கும் சேர்த்துத்தான் போடுகிறார்களா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்தக் கத்திரிப் பாத்தி. நம்ம ஊர் முள் கத்திரிதான், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே கத்திரி. செடிக்கு எலும்புத் தூளோ மீன் கரைசலோ வைத்தால் அந்த வாசனையை நாய் விடவே விடாது. அது நமக்கு உரம், அதற்குச் சாப்பாடு. உரம் வைக்கிற வாரம் பாத்தியைச் சுற்றி வலை கட்டிவிடுங்கள். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்: ஆமணக்குப் புண்ணாக்கு நாய்க்குக் கொடிய விஷம். நாய் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். வேப்பம் புண்ணாக்கு போட்டுக்கொள்ளுங்கள், அதையும் மண்ணோடு நன்றாகக் கலந்து மூடிவிடுங்கள்.

சரி, காரணம் எதுவுமே இல்லாமல், தோண்டுவது பிடிக்கும் என்பதற்காகவே தோண்டுகிற நாயும் உண்டு. டாஷண்ட் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். வளைக்குள் பதுங்கும் விலங்கைப் பிடிக்க ஜெர்மனியில் உருவாக்கிய இனம் அது. அந்தக் குட்டைக் கால் எதற்கு என்று நினைத்தீர்கள்? அதனிடம் தோண்டாதே என்று சொல்வது, மீனிடம் நீந்தாதே என்று சொல்கிற மாதிரி. அதற்கென்று ஓர் இடம் கொடுங்கள், பிரச்சினையில் பாதி குறைந்துவிடும்.

எங்கள் புங்க மரத்தடியில் நாலடிக்கு மூன்றடி, நாலு பக்கமும் செங்கல், உள்ளே வீடு கட்டி மிச்சமான மணல். மத்தியானம் ஒரு வாளித் தண்ணீர் தெளிப்பேன். முதலில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி புதைத்தேன். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகளை மேலாகப் புதைத்தேன். அவள் எடுக்க எடுக்க நாலு நல்ல வார்த்தை சொன்னேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் புதைத்தேன். இப்போது காலையில் கதவைத் திறந்ததும் நேராக அங்கேதான் ஓடுகிறாள். பாத்தியில் கால் வைத்தால் கத்தாமல் கூப்பிட்டு மணலுக்குக் கூட்டிப் போகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலையில் பறித்த பள்ளத்தைக் காட்டித் திட்டினால் அதற்கு எதுவும் புரியாது. உங்களைப் பார்த்தால் பயப்படத்தான் கற்றுக்கொள்ளும்.

கேட்டுக்கு அடியில் தோண்டினால் அது வெளியே போகப் பார்க்கிறது. நடை போதவில்லை, அல்லது தெருவில் வேறு நாய் இருக்கிறது. கம்பி வலையைத் தரையோடு படுக்க வைத்து மேலே மண் போட்டு மூடுங்கள், நடையையும் கூட்டுங்கள். தீபாவளி வெடிக்குப் பயந்து மூலையில் பிறாண்டினால் வீட்டுக்குள் விடுங்கள், கூடவே யாராவது இருங்கள். பொட்டை நாய் திடீரென்று மறைவான இடமாகப் பார்த்துப் பறித்தால் சினையா என்று பாருங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள், கடைசி நாட்களில் குட்டி போட இடம் தேடும்.

செவலை, இங்கே வா. காலைக் காட்டு. தோண்டுகிற நாய்க்குத் தினமும் இதைச் செய்யுங்கள் மக்களே: விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். இதோ, இந்த நகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் சிக்கியிருக்கிறது. நகம் பிளந்திருக்கிறதா, உண்ணி ஏறியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாகவும் ஏறும், அதனால் குடற்புழு மருந்து கொடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். கழுவினால் இடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்துவிடுங்கள்.

வெயில் இறங்கிவிட்டது, இவளை நடக்கக் கூட்டிப் போகிற நேரம். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தாங்கினால் மட்டும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். சரி மக்களே, வர்றேன்.