ஒரே கம்ப்யூட்டர்ல ஒண்டுக்குடித்தனம்

எல்லாருக்கும் வணக்கம். நோட்டீஸ்ல லினக்ஸ் பத்தி, அதாவது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டற சிஸ்டம் பத்தி பேசுவார்னு போட்டுட்டாங்க, நான் லினக்ஸ் பத்தி பேசப்போறதில்ல, அதுக்குள்ள குடியிருக்கறவங்கள பத்தி பேசறேன், ஏமாந்தவங்க டீ வரும்போது கிளம்பிடலாம்.

டில்டே கிளப்னு ஒண்ணு இருக்கு, எங்கெங்கேயோ இருக்கற ஜனம் நெட் வழியா ஒரே கம்ப்யூட்டர்ல அக்கவுன்ட் வச்சு புழங்கற இடம், சமீபத்துல அதுல சேர்ந்தேன். 2014ல பால் ஃபோர்டுன்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர், ப்ரோக்ராமும் எழுதறவர், ஒரு ராத்திரி கொஞ்சம் ஊத்திக்கிட்டு ட்விட்டர்ல உட்கார்ந்திருந்தப்போ, ஒரு சின்ன யூனிக்ஸ் மெஷினை, லினக்ஸும் அந்த வம்சம்தான், வாடகைக்கு எடுத்து வேணுங்கறவங்களுக்கு அக்கவுன்ட் தரேன்னு இறங்கிட்டாரு. வெளையாட்டா ஆரம்பிச்சது, ஜனம் வந்து குவிஞ்சுடுச்சு. பிறகு கொஞ்ச காலம் கவனிப்பாரில்லாம கிடந்து, இப்ப வாலன்டியர்கள் நடத்தறாங்க. இதைப் பார்த்து டில்டே டவுன், டில்டே டீம்னு இன்னும் பல கிளம்பியிருக்கு.

சேர்றது எப்படின்னா, ஃபார்ம்ல பேரு, மெயில், உங்க எஸ்எஸ்ஹெச் பப்ளிக் கீ, அதாவது தூரத்து மெஷினுக்குள்ள பாதுகாப்பா நுழைய பாஸ்வேர்டுக்கு பதிலா வைக்கற சாவி, எல்லாம் கொடுக்கணும், அதை ஒரு மனுஷன் படிச்சுப் பார்த்து அக்கவுன்ட் போடுவாரு. உடனே நடக்காது. உள்ள போனா கருப்பு ஸ்க்ரீன், ஒரு வரவேற்பு வாசகம், கீழ கர்சர் மினுக்கிட்டிருக்கும், அவ்ளோதான். லைக் கிடையாது, நோட்டிஃபிகேஷன் கிடையாது, இதைப் பாருங்கன்னு எதையும் தூக்கி முகத்துல வீசறது கிடையாது. என்ன பண்றதுன்னே முதல்ல புரியாது. 'ஹூ'ன்னு கமாண்ட் அடிச்சா இப்ப உள்ள இருக்கறவங்க பேரு வரிசையா வரும். ஒரு ஆளைப் பத்தி தெரியணும்னா 'ஃபிங்கர்', இது 1971ல ஸ்டான்ஃபோர்டுல லெஸ் எர்னெஸ்ட் எழுதினது, இதை அடிச்சா அந்த ஆள் தன்னைப் பத்தி பிளான்ங்கற ஃபைல்ல என்ன எழுதி வச்சிருக்காரோ அது தெரியும். தொண்ணூறுகள்ல க்வேக் கேமுக்கு ப்ரோக்ராம் எழுதின ஜான் கார்மாக் மாதிரி ஆளுங்க இந்த பிளான் ஃபைல்லதான் அன்னன்னிக்கு என்ன வேலை பார்த்தேன்னு எழுதிட்டிருந்தாங்க, கேம் ரசிகர்கள் அதைத் தேடித் தேடி படிச்சாங்க.

இங்க சில பேரு தலையாட்டறீங்க, தெரியுது. 1995 ஆகஸ்ட் 15ல அரசாங்க கம்பெனி விஎஸ்என்எல்லோட இன்டர்நெட் வந்தப்புறம் ஸ்டூடன்ட் அக்கவுன்ட் வாங்கினவங்களா இருப்பீங்க. அதுவும் இதே ஷெல்தான், கமாண்ட் அடிச்சு வேலை வாங்கற கருப்பு ஸ்க்ரீன், படம் கிடையாது, வெறும் எழுத்து, லிங்க்ஸ்ங்கற ப்ரவுசர்ல சைட் பார்த்து பைன்ங்கற ப்ரோக்ராம்ல மெயில் படிச்ச காலம்.

ஆனா பழைய நெனப்புக்காக மட்டும் இதை நான் சொல்லல. விஷயம் என்னன்னா எல்லாரும் ஒரே மெஷின்ல இருக்கோம். ஒரே டிஸ்க், ஒரே மெமரி. ஒண்டுக்குடித்தனத்துல ஒரே குழாய்ல தண்ணி பிடிக்கறவங்க மாதிரி, ஒருத்தர் கனமான ப்ரோக்ராம் ஒண்ணை ஓட்டினா மத்தவங்களுக்கு ஸ்லோவாகும், யார் ஓட்டறான்னு 'டாப்' கமாண்ட் போட்டா பேரோட காட்டிடும். உடனே சாட்ல ஒருத்தர், அண்ணே கொஞ்சம் நிறுத்தறீங்களாங்கற தொனியில மெதுவா கேட்பாரு, அவரும் நிறுத்திடுவாரு, முடிஞ்சது. பெரிய சோஷியல் மீடியா கம்பெனிகள் மாடரேஷன்னு ஆயிரக்கணக்குல ஆள் வச்சும் வராத நாகரிகம் இங்க சும்மா வருதுன்னா, பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரியறதுதான் காரணம்னு எனக்குப் படுது.

அந்தக் காலமே சொர்க்கம்னும் நெனச்சுக்காதீங்க. யூஸ்நெட்னு அந்தக் கால அரட்டை மேடை ஒண்ணு, அதுல வருஷா வருஷம் செப்டம்பர்ல புது காலேஜ் பசங்க வருவாங்க, பழசுங்க அதட்டி மிரட்டி பழக்கம் சொல்லிக்கொடுக்கும். 1993க்கு அப்புறம் ஏஓஎல் மாதிரி அமெரிக்க இன்டர்நெட் கம்பெனிகள் கூட்டம் கூட்டமா ஆளை உள்ள விட்டதும் அந்த செப்டம்பர் முடியவே இல்லைன்னு புலம்பினாங்க. புதுசா வர்றவன்னா ஏளனம்தான், அது இங்க இல்ல. ஆனா டில்டேயிலயும் இங்கிலீஷ்தான் ஓடுது.

தமிழ் வருமான்னு ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்காரு. வரும், பாதி வரும். உங்க வெப் பக்கம் வைக்கற பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டர்ல, எல்லா மொழி எழுத்தும் அடங்கற யுடிஎஃப் எட்டு முறையில பக்கம் எழுதி வச்சா ப்ரவுசர்ல அழகாத் தெரியும். டெர்மினல்லதான், அதான் அந்த கருப்பு ஸ்க்ரீன்லதான் தகராறு, அது ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம்னு கணக்கு வச்சிருக்கு, நம்ம 'கொ'வுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிச்சுப் போட்டுடும், பல டெர்மினல்ல இப்பவும் அப்படித்தான்.

இன்னொரு சீட்டு, இது எவ்வளவு நாளைக்கு இருக்கும்னு. நடத்தறவங்க கைக்காசும் நன்கொடையும் இருக்கற வரைக்கும். ஜனங்க இலவசமா சொந்தப் பக்கம் போட்டுக்கிட்டிருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 1999ல கோடி கோடியா டாலர் கொட்டி வாங்கி, 2009ல மூடிட்டாங்க, அவ்ளோ பணம் போட்டவனே மூடினான். அதனால சேர்றவங்க மாசம் ஒருதரம் உங்க ஃபோல்டரை டார் போட்டு, அதாவது ஒரே ஃபைலா மூட்டை கட்டி, வீட்டு கம்ப்யூட்டருக்கு எடுத்து வச்சுக்கோங்க. கமாண்ட் தெரியாதவங்க டீ டைம்ல என்னைப் பிடிங்க, எழுதித் தரேன்.