ஈட்டி தூக்கின குதிரைவீரன் எங்கே போனான்?

[காட்சி: குடியரசு தின அணிவகுப்பு. ஈட்டி முனைகள் நெருக்கத்தில்]

ஜனவரி 26 அணிவகுப்புல ஜனாதிபதியோட மெய்க்காவல் படையைப் பார்த்திருப்பீங்க. உயரமான குதிரை, கையில ஈட்டி, நுனியில சிவப்பும் வெள்ளையுமா ஒரு குட்டிக் கொடி. அந்தக் கொடி போலந்து குதிரைவீரங்ககிட்ட இருந்து வந்த வழக்கம். நெப்போலியன் படையில அவங்க போட்ட போடைப் பார்த்துட்டு ஐரோப்பாவே காப்பியடிச்சுது. 1815-ல வாட்டர்லூவுல ஈட்டிக்காரங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட பிரிட்டன், அடுத்த வருஷமே சொந்தமா ஈட்டிப்படை ஆரம்பிச்சுது.

[காட்சி: ஈட்டி, பக்கத்தில் ஒரு ஆள் உயரம்]

நீளம் சுமார் 9 அடி. பிரிட்டிஷ்காரங்க தண்டுக்கு இந்தியக் கெட்டி மூங்கிலையும் எடுத்துக்கிட்டாங்க. குத்துறது பெரிய விஷயமில்ல, உருவுறதுதான் வித்தை. குதிரை நிக்காது. குத்தின கையைத் தளரவிட்டு, ஆளைத் தாண்டிப் போற வேகத்துலயே இழுத்துக்கணும். தரையில படுத்திருக்கிறவன் வாளுக்குத் தப்பிப்பான், ஈட்டிக்குத் தப்ப மாட்டான். ஆனா கூட்டத்துக்குள்ள சிக்கிட்டா, 9 அடிக் கழியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

1898, சூடான்ல ஓம்டுர்மான். 21-வது ஈட்டிப்படையோட பாய்ஞ்ச சர்ச்சிலுக்கு அப்ப 23 வயசு. தோள்ல பழைய காயம். அதனால வாளை உறையில போட்டுட்டு, மவுசர் பிஸ்டலால சுட்டுக்கிட்டே போனார். ரெண்டு நிமிஷ மோதல்தான், 119 குதிரைங்க போச்சு.

அடுத்து தென்னாப்பிரிக்காவுல போயர் போர். புகை வராத தோட்டா, எங்க இருந்து சுடுறான்னே தெரியாது. 1903-ல பிரிட்டன் ஈட்டியை ஓரங்கட்டுச்சு. 1909-ல திரும்பக் கொண்டு வந்துச்சு! பழைய ஆளுங்களுக்கு மனசு கேக்கல, வேற என்ன.

[காட்சி: ஹைஃபா வரைபடம்]

முதல் உலகப் போர். பிரான்ஸ்ல முள்கம்பியும் மெஷின் கன்னும் குதிரையைக் கிட்டவே விடல. ஆனா 1918 செப்டம்பர் 23, துருக்கிப் படை கையில இருந்த ஹைஃபாவுல (இன்னைக்கு இஸ்ரேல்ல இருக்கு) வேற கதை. ஒரு பக்கம் கார்மல் மலை, இன்னொரு பக்கம் கிஷோன் ஆறு. ஆத்தைக் கடக்கப் பார்த்த குதிரைங்க புதைமணல்ல மாட்டிக்கிச்சு. மைசூர் ஈட்டிப்படையில ஒரு பிரிவு மலையேறி பீரங்கிகளைப் பிடிக்க, ஜோத்பூர் படை நடுவுல இருந்த இடுக்கு வழியா ஊருக்குள்ள பாய்ஞ்சுது. மேஜர் தல்பத் சிங் உயிர் போச்சு. 1,350 பேர் கைதானாங்க. எதிரிகிட்ட மெஷின் கன் இங்கயும் இருந்துச்சு. ஆனா பிரான்ஸ் மாதிரி வரிசை வரிசையா முள்கம்பி இல்ல.

அப்படியும் 1920-கள் முடியறதுக்குள்ள பிரிட்டன் ஈட்டியை அணிவகுப்புக்கு மட்டும்னு ஒதுக்கிடுச்சு.

[காட்சி: காட்டோரம், மாலை வெளிச்சம்]

'போலந்துக்காரன் ஈட்டியோட டேங்க் மேல மோதினான்'னு ஒரு கதை கேட்டிருப்பீங்க. 1939 செப்டம்பர் 1, போலந்துல க்ரோயான்டி கிராமம். போலந்துக் குதிரைப்படை பாய்ஞ்சது ஓய்வுல இருந்த ஜெர்மன் காலாட்படை மேல. அவங்க சிதறி ஓடினாங்க. அப்புறம்தான் காட்டுக்குள்ள இருந்து கவச வண்டிங்க வந்து சுட்டுது. போலந்துப் படையோட கர்னல் மாஸ்டலெர்ஷ் அங்கயே விழுந்தார். அன்னைக்கு போலந்து வீரங்க கையில இருந்தது வாள். ஈட்டியை சில வருஷம் முன்னாடியே பயிற்சிக்கு மட்டும்னு ஒதுக்கியாச்சு.

மறுநாள் ஜெர்மன்காரங்க இத்தாலியப் பத்திரிகைக்காரங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. செத்துக் கிடந்த குதிரைங்க. பக்கத்துல, சண்டை முடிஞ்சப்புறம் வந்து நின்ன டேங்குங்க.