ஓடின்: பெயருக்குள் ஒரு ஆவேசம்

நண்பர்களே, புதன்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். ரோமானியர்கள் அந்த நாளை மெர்க்குரி என்ற தங்கள் தெய்வத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஜெர்மானிய மக்கள் கிழமைக் கணக்கை எடுத்துக்கொண்டபோது மெர்க்குரியின் இடத்தில் தங்கள் தெய்வம் வோடனை உட்கார வைத்தார்கள். அப்படி வந்ததுதான் ஆங்கில 'வெட்னெஸ்டே'. எழுதும்போது இருந்து, சொல்லும்போது காணாமல் போகிறதே முதல் 'ட்', அது வோடனின் மிச்சம்.

வோடனும், ஸ்காண்டிநேவியப் புராணங்களின் தலைமைத் தெய்வமான ஓடினும் ஒருவரே. ஸ்காண்டிநேவிய மக்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ஓ, ஊ ஒலிகளுக்கு முன்னால் வந்த வகர ஒலி உதிர்ந்துவிட்டது. ஆங்கில 'வுல்ஃப்' அங்கே 'ஊல்ஃப்ர்'. அதே கணக்கில் வோடன் ஓடின் ஆனார். உண்மையில் அந்த மக்கள் உச்சரித்தது ஏறக்குறைய 'ஓதின்'. நம் 'ஓது'வில் வரும் அதே மெல்லிய 'த'. உடனே யாரும் தமிழ் வேர் தேடக் கிளம்ப வேண்டாம், இது வெறும் தற்செயல்!

சரி, பொருள் என்ன? 11ஆம் நூற்றாண்டில் பிரேமன் நகரத்துப் பாதிரியார் ஆதாம் லத்தீனில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: வோடன் என்றால் வெறி. தப்பில்லை, ஆனால் பாதிதான். அடியில் இருக்கும் 'ஓத்ர்' என்ற நார்ஸ் சொல்லுக்கு வெறி என்றும் பொருள், மனம் என்றும் பொருள், கவிதை என்றும் பொருள். லத்தீனில் இதற்கு உறவான 'வாத்தேஸ்' குறி சொல்பவனையும் கவிஞனையும் சேர்த்தே குறிக்கும். சாமி வந்து ஆடுகிறவரிடம் நாம் பார்க்கும் ஆவேசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்வீரனுக்கு அது வந்தால் வாள் சுழலும், புலவனுக்கு வந்தால் பாட்டு பிறக்கும். அந்த ஆவேசத்துக்குத் தலைவன் என்பதே பெயரின் பொருள்.

ஓடினைப் பற்றிய புராணக் கதையும் இதையே சொல்கிறது. கவிதை என்பது தேனில் வடித்த ஒரு மது. அது இருந்த பாத்திரங்களில் ஒன்றின் பெயர் 'ஓத்ரேரிர்', அதாவது ஓத்ரைக் கிளப்பிவிடுவது. ஓடின் மூன்றே மடக்கில் மூன்று பாத்திரங்களையும் காலி செய்து, கழுகாகிப் பறந்து, தேவர்களின் கலங்களில் கக்கினார். அதைப் பருகியவர்கள் நல்ல கவிஞர்கள். மதுவைப் பறிகொடுத்துத் துரத்தி வந்த அரக்கன் நெருங்கிவிட்ட பதற்றத்தில் கொஞ்சம் பின்பக்கமாகவும் போய்விட்டது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மட்டமான கவிஞர்களின் பங்கு அதுதானாம்.